வேலியில் நான்கடி

படங்களில் அடுக்கிதழ் கிளெமற்றிஸ் கொடியைப் பார்த்து ஏங்குகிறோம். அது குளிர்தேசத்துச் செடி. எங்கள் கரையோர வெக்கையில் செழிக்காது. இம்மண்ணுக்கேற்ற அடுக்குச் சங்குப்பூவையோ நாம் கவனிப்பதில்லை. விதையை ஓரிரவு ஊறவைத்து, வெயில்படும் வேலியோரம் நட்டால் தானாகவே படரும். அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் வளியிலுள்ள நைதரசனைப் பதித்து மண்ணை வளமாக்கும். பூவை ஊறவைத்த நீலநீரில் தேசிக்காய்ப் புளி விட்டால் ஊதாவாக மாறும். விஞ்ஞானப் பாடம் முற்றத்திலேயே இருக்கிறது.

பெற்றோரே, "பரீட்சை முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போடாதீர்கள். எங்களுக்கு ஒரு பரீட்சை முடிந்தால் அடுத்தது வருகிறது. மகளுக்கு வேலியில் நான்கடி இடம் கொடுங்கள். நீரூற்றி, பொறுத்திருந்து, முதல் பூவைக் காண்பதும் படிப்புத்தான்.