முதலில் ஏறியது ஈயம்

மதிய நிகழ்ச்சிக்குப் போக, காலை பத்து மணிக்கு மேல் கிள்ளான் ஸ்டேஷனில் கொமுட்டருக்கு நிற்பேன். சில நாள் ஒரு சரக்கு ரயில் நிற்காமல் கடந்து போகும். நடைமேடையில் இருப்பவர்கள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். நம் ரயில் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி குனிந்துகொள்வார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வேகன்களை எண்ணும் பழக்கம். போன வாரம் 30 வந்தது. எல்லாவற்றிலும் நாற்பதடிக் கொள்கலன். சாலையில் போனால் ஒரு பெட்டிக்கு ஒரு லோரி வேண்டும். ஆக, முப்பது லோரிகள் ஒரே இன்ஜினுக்குப் பின்னால் ஒரு நிமிடத்தில் போய்விட்டன.

வானொலியில் போக்குவரத்து நிலவரம் வாசிக்கிறவள் நான். கூட்டரசு நெடுஞ்சாலையில் லோரி பழுது, ஷா ஆலாம் அருகே லோரி கவிழ்ந்தது என்று எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அதனால் அந்த எண்ணிக்கை மனதில் நின்றுவிட்டது.

சரக்கு ரயிலை நம் பாதைக்குள் நுழையும் அந்நியனாகத்தான் பார்க்கிறோம். உண்மையில் பின்னால் வந்தவர்கள் நாம். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை இந்தப் பாதையைப் போட வைத்தது ஈயம். அதற்கு முன்பு சரக்கு டாமன்சாரா படகுத்துறைக்குப் போய், அங்கிருந்து ஆற்று வழியாகக் கடலுக்குப் போனது. 1890-இல் ஆற்றின் மேல் பாலம் கட்டி ரயில் கிள்ளானுக்குள் வந்தது. 1901-இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் திறந்தார்கள்; இன்றைய கிள்ளான் துறைமுகம் அதுதான். பயணிகளும் ஏறினார்கள், மறுக்கவில்லை. ஆனால் இப்போது நாம் ஏறும் கொமுட்டர் வந்தது 1995-இல்.

பிரிக்பீல்ட்ஸ் கதையும் இப்படித்தான். 2001-இல் திறந்த கேஎல் சென்ட்ரல் நிற்கும் இடம், முன்பு சரக்கு வேகன்களைப் பிரித்துச் சேர்த்த ரயில்வே யார்டு. அந்த வேலைக்காகவே யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் பக்கத்தில் குடியேறினார்கள். அவர்கள் வாழ்ந்த ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் வரிசை வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றுகிறோமே, அந்த வட்டாரமே கூட்ஸ் வண்டியால் உருவானது.

அமெரிக்காவில் சரக்குதான் இன்னும் வீட்டுக்காரர். பயணிகள் ரயிலில் நஷ்டம் என்று தனியார் கம்பெனிகள் கைகழுவப் பார்த்ததால், 1971-இல் ஆம்ட்ராக் தொடங்கப்பட்டது. தண்டவாளம் பெரும்பாலும் சரக்குக் கம்பெனிகளிடமே தங்கிவிட்டது. பயணிகள் ரயிலுக்கு வழிவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அங்கே சரக்கு ரயில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு வருகிறது. பல இடங்களில் ஒற்றைப் பாதை. ஒதுங்கும் பக்கப் பாதை அந்த நீளத்துக்குப் போதாது. கடைசியில் ஒதுங்குவது, சட்டத்தில் முன்னுரிமை பெற்ற பயணிகள் ரயில்தான்!

நமக்கு அந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. பாதை அரசாங்கத்துடையது, கிள்ளான் தடம் இரட்டைப் பாதை. சிக்கல் வேறு. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நிற்கும் கொமுட்டர்களுக்கு நடுவே, மெதுவாக வேகமெடுக்கும் கனமான வண்டி ஒன்றை நுழைக்கப் பெரிய இடைவெளி வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் கேட்கிறோம். சாலையில் லோரி குறைய வேண்டும் என்றும் கேட்கிறோம். அதே இரண்டு தண்டவாளத்தில் இரண்டையும் எதிர்பார்த்தால் எப்படி?

கிள்ளான் துறைமுகம் 2023-இல் 1.4 கோடி இருபதடிப் பெட்டிகளுக்கு ஈடான சரக்கைக் கையாண்டது. அதில் பாதிக்கு மேல் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாறிப் போகிறவை. மிச்சத்திலும் எல்லாம் ரயிலுக்கு ஒத்துவராது. துறைமுகத்திலிருந்து ஷா ஆலாம் தொழிற்சாலைக்குப் பெட்டியை ரயிலில் அனுப்பினால், இறக்கி மறுபடி லோரியில் ஏற்றும் செலவே கட்டுப்படியாகாது. தூரம் போனால்தான் ரயிலுக்கு லாபம். 1999-இல் இங்கிருந்து பாங்காக்குக்குக் கொள்கலன் ரயில் விட்டதும் அதனால்தான்.

என் மாமா இருபது வருடமாகக் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். பாடாங் பெசார் வரை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், ராத்திரியில், ட்ரிப் கணக்கில் சம்பளம். தூக்கம் வந்தால் நெடுஞ்சாலை ஓய்வுத் தலத்தில் ஸ்டியரிங் மேலே சாய்ந்து அரை மணி நேரம். அவர் வீடு வந்து சேரும்வரை அத்தை போனைக் கையில் வைத்துக்கொண்டே படுப்பார். சரக்கெல்லாம் ரயிலுக்குப் போனால் அவர் பிழைப்பு என்ன ஆகும் என்று எனக்குப் பயம். தீபாவளிக்கு வந்தபோது கேட்டுவிட்டேன்.

"ரயில் என்ன, கடை வாசல் வரைக்குமா போகும்? ஸ்டேஷன்ல இறக்குற பெட்டிய எடுக்க லோரி வேணும்லம்மா?"

"வேணும் மாமா."

"அது கிட்டத்து ஓட்டம். ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம். ஆனா தூரத்து ட்ரிப்புக்குக் குடுக்கிற காசு அதுக்குக் குடுப்பானா?"

கோத்தா பாருவிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை 665 கிலோமீட்டருக்குக் கிழக்குக் கரை ரயில் பாதை போடுகிறார்கள். பயணிகளும் சரக்கும் அதில் போகும். அது வந்தால் எத்தனை நிமிடத்தில் குவாந்தான் போகலாம் என்றுதான் நேயர்கள் என்னிடம் கேட்கிறார்கள். மாமாவின் கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை. அடுத்த முறை போக்குவரத்து அதிகாரி யாராவது என் ஒலிப்பதிவு அறைக்கு வந்தால், முதலில் அதைத்தான் கேட்கப்போகிறேன்.