மாட்டுக்கு நெஞ்சு, யானைக்கு விலா

கொக்கிளாய்க் கடலில் யானை நீந்திய கதையை நமது திருகோணமலைப் பக்கத்தில் அறியாதவர்கள் குறைவு. 2017 ஜூலையில், கரையிலிருந்து எட்டுக் கடல் மைலுக்கு அப்பால் ரோந்து போன கடற்படைப் படகொன்று தனி யானை ஒன்றைக் கண்டது. களப்பைக் கடக்க இறங்கியதை நீரோட்டம் இழுத்துப் போயிருக்க வேண்டும் என்றார்கள். சுழியோடிகள் இறங்கினார்கள், வனஜீவராசிகள் திணைக்களத்தார் வந்து வழி சொன்னார்கள். கயிறு கட்டி, பன்னிரண்டு மணித்தியாலம் பாடுபட்டு, புல்மோட்டையில் யான் ஓயாப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தார்கள். இரண்டு கிழமை போகவில்லை, ரவுண்ட் ஐலண்டுக்கும் பவுல் பொயின்டுக்கும் இடையில், நமது துறைமுக வாயிலேயே, இன்னும் இரண்டு யானைகள். அவற்றையும் இழுத்து வந்து பவுல் பொயின்ட் காட்டில் விட்டார்கள். அதே வருடம் மே மாதக் கடைசியில் சம்பூர்க் கரையில் ஒதுங்கிய இருபது அளவிலான திமிங்கிலங்களை ஆழத்துக்குத் திருப்பிவிட்டதும் கடற்படைதான்.

நீந்திய யானையின் படம் உலகமெல்லாம் ஓடியது, நமக்கும் பெருமைதான். எனக்கு அதில் பிடித்தது ஒரு சின்ன விஷயம். எங்கே கயிறு போடுவது, எப்படி இழுப்பது என்று கேட்க, விலங்கு தெரிந்த ஆட்கள் பக்கத்தில் இருந்தார்கள்.

யானைக்கு அது கிடைத்தது. எருமைக்கு? ஒரு மாரியில் தம்பலகாமத்து வயல் வாய்க்காலில் எருமையொன்று புதைந்து நின்றதைப் பார்த்தேன். வயிறு வரைக்கும் சேறு. இளந்தாரிகள் கழுத்தில் நைலோன் கயிறு போட்டு, மறுமுனையைப் பெக்கோ இயந்திரத்தின் வாளிப் பல்லில் கொழுவினார்கள். பட்டிக்காரப் பெரியவர் வரம்பில் நின்று கத்தினார்: “தம்பி, கழுத்துல போடாதடா, மூச்சு முட்டும்!”

“அப்ப எதுல ஐயா போடுற?” என்று பெக்கோக்காரப் பொடியன் கேட்டான்.

நியாயமான கேள்வி. பெரியவரிடம் பதில் இல்லை, சுற்றி நின்ற எங்களில் ஒருவரிடமும் இல்லை. வாளி உயர்ந்தது, கழுத்து நீண்டது, சேறு ‘பொளக்’ என்று விட்டது. எருமை வெளியே வந்தது, எழும்பவில்லை.

பொடியன் கேட்டதற்குப் பதில் உண்டு. முன்னங்கால்களுக்குப் பின்னால், நெஞ்சைச் சுற்றிப் போட வேண்டும். கயிறு கூடாது, அகலமான வார் வேண்டும். வார் இல்லாவிட்டால் பழைய தீயணைப்புக் குழாயைத் தட்டையாக மடித்துப் போடலாம், வெளிநாடுகளில் அப்படியும் செய்கிறார்கள். தலைக்கயிறு முகத்தைத் திருப்பி வைக்க மட்டும். தலையிலோ வாலிலோ பிடித்து இழுப்பது அடியோடு கூடாது. சேறு காலை உறிஞ்சிப் பிடித்திருக்கும். நேரே மேலே தூக்கினால் பிடி விடுமுன் மூட்டுக் கழன்றுவிடும். காலை ஒட்டி நீளக் குழாயைச் செருகித் தண்ணீரோ காற்றோ அடித்தால் தளரும். பிறகு பலகை போட்டு, தூக்காமல், தரையோடு தரையாகச் சறுக்கி எடுப்பது. விழுந்து கிடக்கும் மாட்டின் முதுகுப் பக்கம் நிற்க வேண்டும், கால்பக்கம் போகவே கூடாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. இதெல்லாம் ஒரு பகலில் படித்துவிடக் கூடிய பாடம்.

இது ஒரு தனிப் பயிற்சித் துறையாக வளர்ந்தது குதிரையால்தான். அமெரிக்காவில் தோமஸ் ஜிமெனெஸ், ரெபேக்கா ஜிமெனெஸ் போன்றவர்கள் பெரிய விலங்கு மீட்பைத் தீயணைப்பாளருக்கும் பொலிசாருக்கும் சொல்லிக் கொடுத்து, 2008இல் அதை ஒரு பாடநூலாகவும் ஆக்கினார்கள். பிரிட்டனில் ஹம்ப்ஷயர் தீயணைப்புச் சேவை இந்த வேலைக்குப் பெயர்போனது. நிஜக் குதிரையளவு பொம்மையைச் சேற்றிலும் பள்ளத்திலும் கவிழ்ந்த வண்டியிலும் போட்டு, திரும்பத் திரும்ப எடுத்துப் பழகுகிறார்கள். முதல் பாடம் குதிரையைப் பற்றியதே இல்லை: மீட்கப் போனவன் உதை வாங்காமல் வீடு திரும்புவது எப்படி என்பதுதான். நமக்குக் குதிரை என்றால் நெடுந்தீவுதான் ஞாபகம் வரும். திருகோணமலையில் மாடும் எருமையும், காட்டோரத்தில் யானை. அதனால் அவர்களின் பாடத்தை அப்படியே கொண்டுவந்து இறக்கினாலும் சரிவராது.

ஏன் சரிவராது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மாடு அசைபோடும் பிராணி. பக்கவாட்டில் நெடுநேரம் கிடந்தால் வயிற்றில் வாயு சேர்ந்து உப்பி, நுரையீரலை நெருக்கிக் கொன்றுவிடும். ஆகவே விழுந்த மாட்டை நெஞ்சில் இருத்தி முட்டுக்கொடுக்க வேண்டும். யானைக்கு இது தலைகீழ். யானையின் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு இழைநார்த் திசுவால் ஒட்டியிருக்கிறது. நமக்கும் மாட்டுக்கும் இருக்கிற இடைவெளி அதற்கு இல்லை. யானை மூச்சுவிட நெஞ்சு விரிந்தாக வேண்டும். நெஞ்சில் குப்புறக் கிடந்தால் அதன் எடையே அதை அமுக்கும், சிறிது நேரத்திலேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும். உடனே விலாப்பக்கம் புரட்ட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், யானை உடலை ஆழத்தில் விட்டுத் தும்பிக்கையை மட்டும் மேலே நீட்டி நீந்தும்போது நீரழுத்தம் நுரையீரலைக் கெடுக்காமல் காப்பதும் இதே அமைப்புத்தான் என்று உடலியல்காரர்கள் சொல்கிறார்கள். கொக்கிளாய்க் கடலில் காப்பாற்றியது, வயல்வெளியில் கொல்லும். மாட்டைத் தூக்கிப் பழகிய நல்ல மனம் படைத்த பத்துப் பேர், மயங்கி விழுந்த யானையை அதே போல நெஞ்சில் இருத்தினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

கிணறும் அப்படித்தான். 2020 ஜனவரியில் ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்தில் கிணற்றில் விழுந்த யானைக்கு வனத்துறையினர் கயிறு தேடவில்லை. கிணற்றுக்குள் தண்ணீரை நிரப்பினார்கள். யானை மிதந்து மேலே வந்தது, கரையை வெட்டிச் சரிவு கொடுத்தார்கள், நடந்து போய்விட்டது. அதே வருடம் நவம்பரில் தமிழ்நாட்டில், தர்மபுரி பஞ்சப்பள்ளிப் பக்கம், பாழுங்கிணற்றில் விழுந்த யானைக்கு மயக்க ஊசி போட்டு, கிரேனில் தூக்கினார்கள், மணிக்கணக்கில் போராட்டம். எந்தக் கிணற்றுக்குத் தண்ணீர், எந்தக் கிணற்றுக்குக் கிரேன் என்பதை நின்று யோசிக்கிற ஒருவர் வேண்டும். கூட்டம் சுற்றி நின்று வீடியோ எடுக்கிற நேரத்தில் யோசனை ஓடாது. சனத்தை நூறு யார் தள்ளி நிறுத்துவதும் மீட்பு வேலைதான். அதற்குப் பொலிசே போதும்.

நமது கோட்டை வாசல் மான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீதியில் அடிபட்டதையோ கம்பியில் சிக்கியதையோ நாலு பேர் சேர்ந்து துரத்திப் பிடிப்பதை அன்பு என்று நினைக்கிறோம். துரத்தலின் பயத்திலும் ஓட்டத்திலும் தசை சிதைந்து, காயமே இல்லாத மான்கூடச் சில மணித்தியாலமோ சில நாளோ கழித்துச் செத்துப்போகும். துணியால் கண்ணை மூடி, சத்தத்தை அடக்கி, விலங்கு வைத்தியர் வரும்வரை விட்டுவிடுவது எவ்வளவோ மேல்.

யாருக்குப் பயிற்சி என்று கேட்டால், திணைக்களங்களின் பட்டியலை நீட்டுவார்கள்: அனர்த்த முகாமைத்துவம், வனஜீவராசிகள், நகரசபைத் தீயணைப்பு. அவர்களுக்கும் வேண்டும்தான். ஆனால் கந்தளாய்க்கு அப்பால் ஒரு கிராமத்தில் மாடு கிணற்றில் விழுந்தால், அவர்களில் யாரும் வருமுன் பெக்கோக்காரர் வந்துவிடுவார். அவர்தான் நமது மீட்புப்படை. அவரோடு பட்டிக்காரர், கிராம சேவகர், கரையோரத்தில் என்றால் வள்ளக்காரர். இவர்களை விட்டுவிட்டு உத்தியோகத்தரைக் கூட்டி மண்டபத்தில் படம் காட்டினால் சான்றிதழ் மிஞ்சும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மூதூர், வெருகல் பக்கம் சனம் இடம்பெயர்ந்தது. ஆட்களை ஏற்றப் படகும் ஹெலியும் வந்தன. மாட்டுக்கு அன்று வேண்டியிருந்தது படகுகூட இல்லை. கட்டையில் கட்டிய மாட்டை, தண்ணீர் முழங்காலுக்கு வருமுன், கயிறவிழ்த்து மேட்டுக்கு விரட்டிவிடச் சொல்லும் ஒரு அறிவிப்புப் போதும். மசூதி, கோவில், தேவாலயம், விகாரை என்று ஒலிபெருக்கி இல்லாத கிராமம் நமது மாவட்டத்தில் எங்கே இருக்கிறது?

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை போதும். அறுவடை முடிந்த தம்பலகாம வயலில், கால்நடை வைத்தியர் ஒருவர், பத்துப் பெக்கோக்காரர்கள், உரச்சாக்கில் மணல் நிரப்பிக் கட்டிய எருமைப் பொம்மை ஒன்று. வாருக்குக் காசில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஓட்டை விழுந்த தீயணைப்புக் குழாய் எந்தச் சபையின் களஞ்சியத்திலும் சுருண்டு கிடக்கும். பகல் சாப்பாட்டுச் செலவை நான் ஏற்கிறேன், எழுதித் தருகிறேன்.