வீடு எதுவானாலும் திறப்பு நம்மிடம் இருக்கட்டும்

எமது கல்விக் குழுவின் வட்ஸ்அப் குழுமத்தில் இரண்டு வாரமாக ஒரே விவாதம். வேலைத்திட்ட ஆவணங்களை ஒரு விக்கியில் ஏற்றுவோம் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். எந்த மென்பொருள் என்பதில்தான் இழுபறி. தம்பிமார் சிலர் நோஷன் என்கிறார்கள். சிலர் கொன்ஃபுளுவன்ஸ் என்கிறார்கள். "கூகுள் டிரைவ் போதாதா சேர்?" என்று கேட்டவர்களும் உண்டு. அங்கே எழுதினால் மற்ற மெசேஜ்களுக்குள் அமிழ்ந்துவிடும் என்பதால் என் கருத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது ஏன் தேவை? ஆசிரியர்களுக்கு இடமாற்றம் வரும். இளைஞர்களுக்குக் கட்டார் விசா வரும். ஆள் போகும்போது அவரிடம் இருந்த விபரமும் சேர்ந்து போய்விடுகிறது. நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் குடிநீர் வடிகட்டி பொருத்தினார்கள். பொறுப்பாக இருந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனார். வடிகட்டியின் உள்பாகத்தை எங்கே வாங்குவது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது, செலவை ஏற்றுக்கொண்ட தனவந்தர் யார் என்பதெல்லாம் அவருடைய போனில்தான் இருந்தன. அந்த இயந்திரம் ஒரு வருடத்துக்கு மேல் தூசி பிடித்து நின்றது. பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் சுமந்து வந்தார்கள். பணம் இல்லாமல் அந்தத் திட்டம் நிற்கவில்லை. எழுதி வைக்காததால் நின்றது.

கூகுள் டிரைவில் கோப்புகளைப் போட்டு வைக்கலாம்தான். ஆனால் கொஞ்ச நாளில் 'பைனல்', 'புதிய பைனல்', 'கடைசி பைனல்' என்று ஒரே அறிக்கைக்கு நான்கு பிரதிகள் கிடக்கும். விக்கியில் ஒரு விடயத்துக்கு ஒரு பக்கம். குழுவில் உள்ளவர் திறந்து திருத்தலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாகும். பிழையாக அழித்துவிட்டாலும் பழைய நிலைக்குக் கொண்டு வரலாம். 1995இல் வோர்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் முதலாவது விக்கியை உருவாக்கியதே, ஒரு துறையில் வேலை செய்பவர்கள் தாம் அறிந்ததை ஒரே இடத்தில் சேர்த்து எழுதுவதற்காகத்தான். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் 'விரைவு'.

எந்த மென்பொருளைப் பற்றிப் பேசினாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

1. நாளைக்கு வெளியேற வேண்டி வந்தால், எழுதியதை முழுதாக எடுத்துக்கொண்டு போகலாமா? விக்கிஸ்பேசஸ் என்றொரு சேவை இருந்தது. உலகம் முழுவதும் ஆசிரியர்கள் விரும்பிப் பாவித்தார்கள். 2018இல் அதை மூட ஆரம்பித்தார்கள். சொந்தச் சேர்வரில் நிறுவும் கொன்ஃபுளுவன்ஸ் 'சேர்வர்' பதிப்புக்கான ஆதரவை அட்லாசியன் நிறுவனம் 2024 பெப்ரவரியில் நிறுத்தியது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அது அவர்களுடைய வியாபாரம். ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர் சாமான் கட்டும் வழியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

2. குழுவில் கொம்பியூட்டர் பழக்கம் ஆகக் குறைந்தவர் தன் போனிலிருந்து தமிழில் ஒரு பந்தி எழுதிச் சேமிக்க முடியுமா? அவரால் முடியாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே தம்பிதான் எழுதுவார். அவர் போனதும் விக்கியும் நின்றுவிடும்.

3. யார் எதைப் பார்க்கலாம் என்று பிரிக்க முடியுமா? எல்லோரும் வாசிப்பதற்கான ஆவணக் காப்பகம் என்றால் மீடியாவிக்கி அருமையானது. விக்கிப்பீடியா அதில்தான் இயங்குகிறது. நமது நாட்டுத் தமிழ் நூல்களைச் சேகரித்துத் தரும் நூலகம் இணையத்தளமும் அதில்தான் இயங்குகிறது. ஆனால் சில பக்கங்களைச் சிலருக்கு மட்டும் காட்டுவது அதன் நோக்கமல்ல. நம்மிடம் உதவி பெறும் பிள்ளைகளின் பட்டியல் இருக்கிறது. குடும்ப நிலவரம் இருக்கிறது. ஒரு பிள்ளையின் கஷ்டம் ஊருக்குத் தெரிய வருவதை விட அந்த உதவி கிடைக்காமல் போவதே மேல் என்று நினைக்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நாட்டில் இருக்கிறது.

இவற்றை வைத்துப் பார்த்தால் எனது தெரிவு டொகுவிக்கி. இலவசம். தரவுத்தளம் தேவையில்லை, ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாகவே சேமிக்கப்படுகிறது. கோப்புறையைப் பென் டிரைவில் பிரதி எடுத்தால் முழு விக்கியும் கையில். அந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து வாசிக்கலாம். பக்கவாரியாக அனுமதியும் கொடுக்கலாம். குறை ஒன்று உண்டு: தடித்த எழுத்துக்கு இரு பக்கமும் நட்சத்திரக் குறி போடுவது போன்ற சில அடையாளங்களைப் பழக வேண்டும். அது பெரும்பாலானோருக்குச் சிரமம் என்றால் புக்ஸ்டேக் நல்லது. அலுமாரித் தட்டு, புத்தகம், அத்தியாயம், பக்கம் என்ற ஒழுங்கு ஆசிரியர்களுக்கு உடனே விளங்கும். வேர்டில் எழுதுவது போல எழுதலாம். ஆனால் அதற்குத் தரவுத்தளம் வேண்டும், பராமரிக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும்.

எதைத் தெரிவு செய்தாலும் நிர்வாகி பாஸ்வேர்ட் இரண்டு பேரிடம் இருக்கட்டும். கணக்கு தனி ஒருவரின் மின்னஞ்சலில் இல்லாமல் குழுவின் மின்னஞ்சலில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை பிரதி எடுப்பவர் யார் என்பது கூட்டக் குறிப்பில் பெயரோடு பதியப்படட்டும்.

ஆரம்பத்தில் மூன்று பக்கம் போதும்: நடக்கும் திட்டங்கள், தொடர்புக்குரியவர்கள், இதுவரை எடுத்த தீர்மானங்கள். முன்பு திட்டங்களைப் பொறுப்பெடுத்து நடத்திய மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். மென்பொருள் முடிவாகும் வரை காத்திருக்க வேண்டாம். நினைவில் இருப்பதை இன்றே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். தட்டச்சு செய்து ஏற்றும் வேலையை இளையவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மாற்றுக் கருத்துள்ளவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள்.