மாடித்தோட்டத்துக்குக் கூட்டாளிகள் வேண்டும்



மாடித்தோட்டம் பற்றிய தங்கள் கட்டுரை தொட்டி, மண்கலவை, உரம் எல்லாவற்றையும் சொன்னது. கூட்டாளிகளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. எங்கள் பகுதித் தோட்டக் குழுவில் இருப்பவள் என்ற முறையில் அதை நான் சேர்க்கிறேன்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பார்கள். ஆடி பிறக்கும் முன்பே எங்களிடம் விதைப் பரிமாற்றம் களைகட்டிவிடும். கடையில் எளிதில் கிடைக்காத மூக்குத்தி அவரையும் சிறகு அவரையும் காசில்லாமல் கைமாறும். வாங்கியவர், காய்த்து முற்றியதும் ஒரு பிடி விதையைக் குழுவுக்குத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் சந்தா.

பூசணிப்பூ காலையில் விரியும், சுரைப்பூ மாலையில் விரியும். தேனீ வராத மாடியில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவைத்தால்தான் பிஞ்சு நிற்கும். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும். இவற்றையெல்லாம் பக்கத்துத் தெரு அனுபவசாலிகளே கற்றுத் தந்தார்கள். வெளியூர் போனால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவும் ஆள் உண்டு!

சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-லேயே தோன்றிவிட்டது. இன்று தேவை, தெருவுக்கொரு சிறு குழு. மாதம் ஒரு ஞாயிறு விதைப் பரிமாற்றத்துக்கு மாநகராட்சிப் பூங்காக்களில் ஒரு மூலை ஒதுக்கித் தந்தால் பலரும் சேர்வார்கள். அதிகாரிகள் ஆவன செய்வார்களா?

- ஒரு வாசகி, தாம்பரம்