அனுபவப் புள்ளி யாருக்கு?



“சார், என் மகன் எந்நேரமும் கணினி விளையாட்டிலேயே மூழ்கிக் கிடக்கிறான்” என்று பெற்றோர் முறையிடும்போதெல்லாம், “எந்த விளையாட்டு?” என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். பெரும்பாலோரிடம் விடை இருப்பதில்லை. பிள்ளை புத்தகம் படிக்கிறான் என்றால் என்ன புத்தகம் என்று பார்க்கிறோம். திரைப்படம் என்றால் யார் நடித்தது என்பதுவரை விசாரிக்கிறோம். விளையாட்டுகளை மட்டும் ஒரே மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்துவிடுகிறோம். பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாள் தொட்டு நான் ஆடி வரும் ஒருவகை விளையாட்டைப் பற்றி, ஆசிரியன் என்ற முறையிலும் ஆட்டக்காரன் என்ற முறையிலும் சில கருத்துகளை இங்கு முன்வைக்கிறேன்.

வியூகப் போரும் கதைமாந்தர் வளர்ச்சியும் கலந்த விளையாட்டுகள் அவை. களம் கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். முதலில் என் படை நகரும். பிறகு எதிரிப்படை நகரும். அவசரமில்லை, விரல் வேகத்திற்கு வேலையில்லை. சதுரங்கமும் ஆடு புலி ஆட்டமும் அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ஆனால், சதுரங்கச் சிப்பாய்க்குப் பெயர் கிடையாது. நேற்று வென்றதனால் இன்று அவன் வலிமை கூடிவிடுவதும் இல்லை. இங்கே ஒவ்வொரு வீரனுக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு, கதை உண்டு. எதிரியை வீழ்த்தினால் அனுபவப் புள்ளி கிடைக்கும்; நூறு புள்ளி சேர்ந்தால் ஒரு நிலை உயர்வான். 1990-இல் நிண்டெண்டோ நிறுவனத்திற்காக ஜப்பானில் உருவாக்கப்பட்ட ‘ஃபயர் எம்பளம்’ இவ்வகைக்கு வழிவகுத்த விளையாட்டு. ‘டாக்டிக்ஸ் ஓகர்’ 1995-இலும் ‘ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ்’ 1997-இலும் வந்தன.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இவ்விளையாட்டுகளுக்குள் இரண்டு ஆட்டங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று சிந்தனையைக் கேட்கிறது. மற்றொன்று நேரத்தைக் கேட்கிறது. எங்கே நிற்பது, யாரை முன்னே அனுப்புவது என்பது முதலாவது. புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே போவது இரண்டாவது. இரண்டாவது கட்டுப்பாடின்றி வளர்ந்தால் முதலாவதை விழுங்கிவிடும். நல்ல விளையாட்டா இல்லையா என்பதை நான் இதைக் கொண்டே எடை போடுகிறேன்.

முதல் ‘ஃபயர் எம்பளம்’ விளையாட்டில் ஜேகன் என்றொரு மூத்த குதிரை வீரன் வருவான். தொடக்கத்திலேயே மற்றவர்களைவிடப் பன்மடங்கு வலியவன். கையில் வெள்ளி ஈட்டி. அவனை அனுப்பினால் முதல் சில போர்கள் எளிதில் முடிந்துவிடும். ஆனால் அவனுக்கு இனி வளர்ச்சி அரிது. அவன் வீழ்த்தும் ஒவ்வோர் எதிரியும் கெயின், ஏபல் போன்ற இளையவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய புள்ளி. களத்தில் எதிரிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய வரையறுக்கப்பட்டது. ஆகவே அனுபவமும் வரையறுக்கப்பட்ட செல்வம். பத்தாவது போரை எட்டும்போது ஜேகன் தளர்ந்திருப்பான். இளையவர்கள் வளராமலே நின்றிருப்பார்கள். விளையாட்டு இதை எங்கும் எச்சரிப்பதில்லை. ஆட்டக்காரனே உணர வேண்டும்.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? ஜேகனிடமிருந்து வெள்ளி ஈட்டியை வாங்கி வைத்துவிட்டு, வலிமை குறைந்த ஆயுதத்தைத் தருவார்கள். அவன் எதிரியைப் பாதி தளர்த்துவான். மீதியை இளையவன் முடிப்பான். இளையவனுக்கு ஆபத்து நேர்ந்தால் மட்டும் ஜேகன் குறுக்கே வந்து அடியைத் தாங்குவான்.

ஆசிரியர்களே, இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமானதாகத் தோன்றவில்லையா? ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு ஜேகன் இருக்கிறான், அல்லது இருக்கிறாள். வினா முடியுமுன் கை உயர்ந்துவிடும். மேற்பார்வையாளர் வந்து பின்னால் அமர்ந்திருக்கும் நாளில் அந்தக் கையைப் பார்த்தால் நமக்கும் நிம்மதி. விடை வந்துவிட்டது, பாடம் நகர்ந்தது, நாற்பது நிமிடம் இனிதே முடிந்தது. ஆனால் அந்த நாற்பது நிமிடத்தில் எத்தனை பேருக்குப் புள்ளி கிடைத்தது? கெட்டிக்கார மாணவனை வாயடைக்கச் சொல்லவில்லை. கணக்கின் முதற்படியை அவன் சொல்லட்டும். இரண்டாம் படியைக் கடைசி வரிசையில் இருப்பவன் சொல்லட்டும். பயிற்சிக் கல்லூரியில் படித்த கல்வியியல் நூல்கள் இதை நீண்ட சொற்களில் விளக்கின. ஜேகன் எனக்கு அரை மணி நேரத்தில் விளக்கிவிட்டான்.

ஒன்றையும் இங்கே மறைக்கக் கூடாது. 2003-இல் வெளிவந்த ‘ஃபயர் எம்பளம்’ விளையாட்டில் மார்கஸ் என்றொரு மூத்த வீரன் இருக்கிறான். அவன் ஜேகனைப் போன்றவன் அல்லன், நன்றாகவே வளர்கிறான். அவனைத் தயங்காமல் பயன்படுத்துவதே அறிவுடைமை என்று வாதிடும் ஆட்டக்காரர்கள் பலர். குறைந்த முறைகளில் விளையாட்டை முடிப்பதுதான் குறிக்கோள் என்றால் அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. எனக்கு அது குறிக்கோளாக இருந்ததில்லை.

இனி நேரத்தைத் தின்னும் பக்கத்தைப் பார்ப்போம். ‘ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ்’ கதையால் ஈடற்றது என்பேன். அரியணைப் போட்டியையும் மதபீடத்தின் சூழ்ச்சியையும் அதைப் போல் சொன்ன விளையாட்டு அரிது. ஆனால் அதில் எந்தச் செயலைச் செய்தாலும் புள்ளி உண்டு. நிலப்படத்தில் போர்கள் வந்துகொண்டே இருக்கும், எண்ணிக்கைக்கு வரம்பில்லை. விளைவு என்ன? எஞ்சிய ஒரே எதிரியைச் சுற்றி வளைத்துவிட்டு, சொந்தப் படைவீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் கல்லெறிந்துகொண்டு மணிக்கணக்கில் நிற்பார்கள். ஆட்டக்காரர்களிடையே இது ஊரறிந்த உத்தி. கதையில் வரும் எதிரிகளின் வலிமையோ பெரும்பாலும் முன்பே வரையறுக்கப்பட்டது. எனவே கல்லெறிந்து வளர்ந்த படைக்கு வியூகமே தேவைப்படாது. அடுத்தவன் மேல் கல்லெறிந்து அறிவு வளருமா என்று என் மனைவி கேட்டது நியாயமான கேள்விதான்.

2022-இல் மறுபதிப்பாக வந்த ‘டாக்டிக்ஸ் ஓகர்’ இதற்குக் கடிவாளம் போட்டது. கதை எந்த இடத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப, படை முழுவதற்கும் நிலை உச்சவரம்பு ஒன்றை வைத்தார்கள். அதற்கு மேல் எத்தனை மணி நேரம் உழைத்தாலும் நிலை உயராது. மூளையைத்தான் உயர்த்த வேண்டும். நீண்டநாள் ஆட்டக்காரர்கள் பலர் முணுமுணுத்தார்கள். நான் கைதட்டினேன்.

2019-இல் வந்த ‘ஃபயர் எம்பளம்: த்ரீ ஹவுசஸ்’ விளையாட்டைப் பற்றி ஆசிரியர்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அதில் ஆட்டக்காரரே ஆசிரியர். மூன்று இல்லங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓர் இல்லத்திற்கு 8 மாணவர்கள். (நம் தோட்டப்புறப் பள்ளிகள் சிலவற்றில் பணியாற்றியவர்களுக்கு அந்த வகுப்பின் அளவு வியப்பளிக்காது.) வாரந்தோறும் யாருக்கு எதைக் கற்பிப்பது என்று முடிவெடுக்க வேண்டும். ஊக்கம் குன்றிய மாணவனுக்குக் கற்பிக்க இயலாது. முதலில் அவனோடு அமர்ந்து உணவருந்தி ஊக்கத்தை மீட்க வேண்டும். வார நாள்கள் குறைவு. எல்லாருக்கும் எல்லாம் தர முடியாது. ஐந்தாண்டுகள் கழித்து, வேறு இல்லத்தில் விட்டுவந்த பிள்ளைகள் வாளேந்தி எதிரே நிற்கும்போது மனம் கனக்கிறது. ஆனால் அதன் எளிய நிலையில் பயிற்சிப் போர்களை அளவின்றி நடத்தலாம். அந்த நிலையில் ஆடினால் மேற்சொன்ன தேர்வுகள் அனைத்தும் பொருளிழந்துவிடும். பிள்ளைகளிடம் கடின நிலையைப் பரிந்துரையுங்கள்.

வீரன் இறந்தால் மீளமாட்டான் என்ற பழைய விதியைப் பற்றியும் கேட்பார்கள். 2010 முதல் இத்தொடரில் அவ்விதியைத் தளர்த்திக்கொள்ள வழி உண்டு. ‘த்ரீ ஹவுசஸ்’ விளையாட்டில் காலத்தையே சில முறை பின்னோக்கி நகர்த்தலாம். பழைய விதி பறிபோனதாக நான் வருந்தவில்லை. அந்நாளில் ஒருவன் இறந்தால் கருவியை அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியவர்களே மிகுதி.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது இதைவிட முக்கியமான ஒன்று. நம் பிள்ளைகளின் கையில் இருப்பது பெரும்பாலும் கைப்பேசி. 2017-இல் கைப்பேசிக்கென்று வந்த ‘ஃபயர் எம்பளம் ஹீரோஸ்’ அதே பெயர், அதே முகங்கள், கட்டங்களும் உண்டு. ஆனால் அங்கே வீரர்கள் குலுக்கலில் வருகிறார்கள். அது வெளிவந்தபோது, முன்னிறுத்தப்பட்ட உயர்தர வீரன் ஒருவன் கிடைக்கும் தொடக்க வாய்ப்பு நூற்றுக்கு 3. வாய்ப்பைக் கூட்ட மேலும் குலுக்க வேண்டும். குலுக்கப் பணமும் செலவிடலாம். சிந்தனைக்குப் பதிலாக நேரம் என்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நேரத்திற்குப் பதிலாகப் பணம் என்பதை ஆறாம் ஆண்டு மாணவனிடம் ஒப்படைக்கக் கூடாது. கடன் அட்டை எண் பதிந்த கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுத்திருப்பவர்கள் இன்றே அதைச் சரிபாருங்கள்.

வயதையும் பாருங்கள். ‘த்ரீ ஹவுசஸ்’ விளையாட்டுக்கு ஐரோப்பியத் தர முத்திரை 12 வயது. அதை நான் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. படிநிலை இரண்டு மாணவர்களுக்கு 2018-இல் வந்த ‘இன்டு தி பிரீச்’ போதும். எட்டுக்கு எட்டுக் கட்டம். நம் பக்கம் மூன்று எந்திரங்கள். எதிரி அடுத்து எங்கே தாக்கப் போகிறான் என்பது முன்கூட்டியே காட்டப்படும். எல்லாவற்றையும் காப்பாற்ற இயலாத நிலை அடிக்கடி வரும். மகன் அருகில் அமர்ந்து, “இந்தக் கட்டடத்தை ஏன் விட்டாய்?” என்று கேட்டுப் பாருங்கள். அவன் விளக்கத் தொடங்கினால் குறுக்கிடாதீர்கள்.