மணிக்கு எப்போ ஃப்ளைட்?

வெளிநாடு போவதில் மனிதனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எந்தத் தூதரகமும் அவனிடம், ‘ரத்தம் கொடுத்துவிட்டு மூன்று மாதம் சும்மா இரு, அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்வதில்லை. நாயிடம் சொல்கிறார்கள்.

எங்கள் ஃப்ளாட்ஸ் இரண்டாவது மாடி மாமாவும் மாமியும் ஜெர்மனியில் இருக்கும் பெண்ணோடு போய் இருந்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். ஃப்ரிட்ஜை விற்றாயிற்று. கிரைண்டர் யாருக்கு என்று சண்டை போட்டு முடித்தாயிற்று.

“மணி?” என்றேன்.

“மணி பத்தரை” என்றார் மாமா.

“உங்க மணி மாமா!”

“அவன் இல்லாமலா? மூணு வாரத்துல ஃப்ளைட். ஒரு ஊசி போட்டுக் கூட்டிண்டு போக வேண்டியதுதான்!”

மணி ராஜபாளையமும் இல்லை, பொமரேனியனும் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் மழைக்கு எங்கள் கார் ஷெட்டில் ஒதுங்கிய அக்மார்க் தெரு ஜாதி. பதினெட்டு கிலோ. மாமி கையால் பிசைந்தால்தான் தயிர் சாதம் இறங்கும்.

கால்நடை டாக்டர் முதலில் கேட்டது, “சிப் இருக்கா?”

“சிப்ஸ்னா உயிரையே விடுவான் டாக்டர்!”

டாக்டர் சிரிக்கவில்லை. இது அரிசி அளவு மைக்ரோசிப். தோள்பட்டைகளுக்கு நடுவில், தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவார்கள். உள்ளே 15 இலக்க எண். ரீடரைக் காட்டினால் அந்த எண் தெரியும். அவ்வளவுதான். நாய் ஓடிப்போனால் எந்தத் தெருவில் நிற்கிறது என்றெல்லாம் சொல்லாது.

சிக்கல் எங்கே என்றால், ஐரோப்பாவுக்கு முதலில் சிப், அதன் பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி. சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி செல்லாது. ஊசி போட்டுக்கொண்டது இந்த நாய்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? மணிக்கு எட்டு வருஷமாகத் தவறாமல் போட்ட ஊசி அத்தனையும் போயே போச்சு!

ஆகவே, சிப். ஊசி. குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய யூனியன் அங்கீகரித்த சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி மில்லிக்கு 0.5 யூனிட்டாவது இருக்க வேண்டும். பாஸானாலும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

“பாஸான பிறகு எதுக்கு சார் மூணு மாசம்?” மாமாவுக்குக் கோபம்.

டாக்டர் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது. ரேபிஸ் கிருமி கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மெல்ல மூளைக்கு ஏறும். வாரக்கணக்கில், சமயத்தில் மாசக்கணக்கில் வெளியே எதுவும் தெரியாது. அறிகுறி தெரிந்துவிட்டால் மனிதனோ நாயோ பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். ஊசிக்கு முன்பே கிருமி உள்ளே போயிருந்தால்? அது வெளியே தெரிவதற்குத்தான் அவகாசம். பிரிட்டனில் 2000-ம் வருஷம் வரை வரும் நாயை ஆறு மாதம் அடைத்தே வைத்தார்கள். ஆஸ்திரேலியா இன்னும் கறார். 2015-ல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப் தம்பதியின் இரண்டு குட்டி நாய்கள் அறிவிக்காமல் தனி விமானத்தில் வந்து இறங்க, ‘திருப்பி அனுப்பு, இல்லாவிட்டால் கொன்றுவிடுவோம்’ என்று மந்திரியே கெடு வைத்தார். அவர்களுக்கே அந்தக் கதி, மணி எம்மாத்திரம்?

ஆக மொத்தம் நான்கு மாதம். கையில் இருந்ததோ மூன்று வாரம்.

“வாட்ச்மேன்கிட்ட விட்டுட்டு...” என்று மாமா ஆரம்பித்தார்.

“நீங்க போங்கோ. நானும் மணியும் அப்புறமா வரோம்” என்றாள் மாமி. அத்தோடு கேஸ் முடிந்தது. மாமா தனியே போய்ச் சேர்ந்தார்.

மாமி நான்கு மாதத்தை வீணாக்கவில்லை. மணி நிமிர்ந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடமுள்ள கூண்டு வாங்கி, கதவைத் திறந்தே ஹாலில் வைத்தாள். உள்ளே அவளுடைய பழைய புடவை. தயிர் சாதம் அங்கேதான். பத்தாம் நாள் மதியத் தூக்கமும் அங்கேதான். “தூக்க மாத்திரை கொடுத்துடலாமா?” என்றதற்கு டாக்டர் கூடவே கூடாது என்றுவிட்டார். உயரத்தில் மூச்சும் ரத்த அழுத்தமும் தடுமாறுமாம்.

கடைசியில் குவாரன்டைன் ஆபீஸ் சான்றிதழ். ஐரோப்பாவுக்கான உடல்நலச் சான்றிதழ் எழுதிய 10 நாளைக்குள் அங்கே கால் வைத்தாக வேண்டும். மணிக்கு நான்கு காலும்.

நாய் வளர்க்கும் வாசகர்களே, வெளிநாட்டு யோசனை இருந்தால் டிக்கெட்டுக்கு முன் சிப்பைப் போடுங்கள். போகிற நாட்டின் சட்டத்தை அந்த நாட்டு அரசிடமே கேளுங்கள். ஊருக்கு ஊர் வேறு, அடிக்கடி மாறும். நாலு மாசம் முன்னால் விசாரித்திருந்தால் ஒரு நாய் தெருவுக்குத் திரும்ப வேண்டியதில்லை.

ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து மாமி போன் செய்தாள்.

“மணியை என்ன கேட்டாங்க மாமி?”

“ரீடரை வெச்சான், நம்பரைப் பார்த்தான், தலையைத் தடவிட்டு போன்னுட்டான். என்னைத்தான் ஊறுகாய்ல என்ன இருக்குன்னு அரைமணி நேரம் கேட்டான்!”