ஆஃபர் லெட்டருக்குள்ள ஒரு பென்ஷன்!

"சி.டி.சி. 14.25 லட்சம்னு போட்டிருக்காங்க. கடைசிப் பக்கத்துல 'கார்ப்பரேட் என்.பி.எஸ். - வேண்டும் / வேண்டாம்'னு ஒரு கட்டம். சீனியரைக் கேட்டா, 'பென்ஷனெல்லாம் தாத்தாங்களுக்குடா, வேண்டாம்னு டிக் அடி'ங்கறார். அடிக்கவா?" - கோவையிலிருந்து ஒரு ஃபைனல் இயர் வாசகரின் கேள்வி.

கொஞ்சம் பொறுங்க பாஸ். டிக் அடிக்கற பேனாவாலேயே ஒரு கணக்கும் போட்டுடலாம். அந்தச் சின்னக் கட்டத்துக்குள்ள வருஷத்துக்கு 77,000 ரூபாய் இருக்கு!

முதல்ல வரிக் கதை. 2025 பட்ஜெட்டில் புதிய வரி முறையை மாத்தினாங்க. 2025-26 நிதியாண்டிலிருந்து வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தா வரி பூஜ்யம். மாசச் சம்பளக்காரங்களுக்கு 75,000 ரூபாய் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் தனி. ஆக, 12.75 லட்சம் வரைக்கும் ஜாலி. ஆனா, 12 லட்சத்தைத் தாண்டினா தாண்டின பணத்துக்கு மட்டும்தானே வரினு நினைச்சா, அங்கதான் ஆப்பு. கணக்கு 4 லட்சத்திலிருந்து ஆரம்பிக்கும். 4 முதல் 8 வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, அதுக்கு மேல 15... இப்படியே ஏறி 24 லட்சத்துக்கு மேல 30 சதவீதம். படிக்கட்டு மாதிரி தெரியும், ஆனா அந்த 12 லட்சத்துல மட்டும் படி கிடையாது, செங்குத்துப் பாறை!

இதிலிருந்து தப்பிக்க அப்பா காலத்துல வழி நிறைய இருந்துச்சு. எல்.ஐ.சி., பி.பி.எஃப்., கல்விக்கடன் வட்டினு காட்டிக் கழிச்சுப்பாங்க. புதிய முறையில் அதெல்லாம் கட். நீங்களே உங்க பாக்கெட்டிலிருந்து என்.பி.எஸ்.ஸில் போட்டாலும் கழிவு இல்லை. ஆனா அதே பணத்தை உங்க கம்பெனி போட்டா உண்டு. பேஸிக்கில் (டி.ஏ. இருந்தா அதையும் சேர்த்து) 14 சதவீதம் வரை. 2024 ஜூலை பட்ஜெட்டுக்கு முன்னாடி தனியார் கம்பெனிக்காரங்களுக்கு இது 10 சதவீதமாத்தான் இருந்துச்சு.

'கம்பெனி போடுது'ன்னதும் சந்தோஷப்பட வேண்டாம். பல இடங்கள்ல அது உங்க சி.டி.சி.யிலிருந்து எடுத்துப் போடற பணம்தான். போடற கை யாருதுங்கறதுலதான் வரி விஷயமே இருக்கு.

இப்போ நம்ம கோவை நண்பர். பி.எஃப்.பில் கம்பெனி பங்கு, கிராஜுவிட்டி எல்லாம் போக சம்பளம் 13.70 லட்சம், பேஸிக் அதில் பாதி, 6.85 லட்சம்னு வெச்சுப்போம். 'வேண்டாம்'னு டிக் அடிச்சா வரிக்குரிய வருமானம் 12.95 லட்சம். வரி 74,250. அது மேல 4 சதவீத செஸ். மொத்தம் 77,220 ரூபாய்.

'வேண்டும்'னு அடிச்சா? 6.85 லட்சத்தில் 14 சதவீதம், 95,900 ரூபாய் என்.பி.எஸ். கணக்குக்குப் போகும். வரிக்குரிய வருமானம் 11,99,100. பாறைக்கு இந்தப் பக்கம் இறங்கியாச்சு, வரி பூஜ்யம்! பென்ஷன் கணக்குல 95,900 சேருது, கைக்கு வர்ற சம்பளத்துல குறையறது வருஷத்துக்கு 18,680 மட்டும். மாசக் கணக்குல பார்த்தா 1,557 ரூபாய். இன்டர்வெல் பாப்கார்னோட ரெண்டு படம்.

இன்னொரு கூத்து. சம்பளம் 13 லட்சம், பேஸிக் 6.5 லட்சம். இங்கே 12 லட்சத்தை 25,000 ரூபாய்தான் தாண்டறீங்க. அதனால வரியும் 25,000-க்கு மேல போகக் கூடாதுனு ஒரு சலுகை உண்டு. செஸ்ஸோட 26,000. உங்க கம்பெனி விரும்பின சதவீதத்தை எடுத்துக்க விட்டா, 4 சதவீதம் போடச் சொல்லுங்க. அதுவும் சரியா 26,000. வரி பூஜ்யம். கைக்கு வர்றதுல ஒரு ரூபாய்கூடக் குறையாம, 26,000 ரூபாய் பென்ஷன் கணக்குல!

30 லட்சம் வாங்கற சீனியர் மேனேஜர் இதே 14 சதவீதத்தைப் போட்டா, அவர் உச்ச ஸ்லாபில் இருந்தும், 100 ரூபாய்க்கு 31 ரூபாய் 20 காசுதான் மிச்சம். நம்ம நண்பருக்கு 80 ரூபாய்! பெரிய சம்பளக்காரங்க சமாசாரம்னு இதை ஒதுக்காதீங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

சரி, ஆஃபர் 4 லட்சம், 6 லட்சம்னு வெச்சிருக்கறவங்க? (இந்தப் பக்கத்தைப் படிக்கறவங்கள்ல நீங்கதான் மெஜாரிட்டி.) உங்களுக்கு வரியே இல்லை, மிச்சம் பிடிக்கவும் எதுவும் இல்லை. 'டாக்ஸ் சேவிங்' பாலிசினு யாராவது போன் பண்ணா, "எந்த டாக்ஸை சார்?"னு கேட்டுட்டு வெச்சிடுங்க. அதே மாதிரி கோவை நண்பரும் முதல் வருஷம் அவசரப்பட வேண்டாம். ஜூலையில் சேர்ந்தா மார்ச் வரைக்கும் 9 மாசச் சம்பளம், பத்தே கால் லட்சம்தான். ஜாய்னிங் போனஸ் பெரிசா இல்லைன்னா அந்த வருஷம் எப்படியும் வரி கிடையாது. அடுத்த ஏப்ரல்ல ஆரம்பிச்சாப் போதும்.

இப்போ கசப்பு மாத்திரை. போட்ட பணம் பொதுவா 60 வயசு வரைக்கும் பூட்டு. நடுவில் படிப்பு, கல்யாணம், வீடு, வைத்தியம்னு எடுக்க வழி இருக்கு. ஆனா, உங்க சொந்தப் பங்கில் 25 சதவீதம்தான். நாம பேசிட்டிருக்கறது கம்பெனி போடற பங்கு, அதில் கை வைக்க முடியாது. பாதியில் கணக்கை முடிச்சா, சின்னத் தொகையா இருந்தா ஒழிய, 80 சதவீதத்தை மாசாமாசம் பென்ஷன் தர்ற ஆன்யுட்டியில் போட்டாகணும். 60-ல் தனியார் ஊழியர்களுக்கு அந்தக் கட்டாயம் 40 சதவீதமா இருந்து, 2025 டிசம்பரில் 20 ஆச்சு. ஆன்யுட்டியில் வர்ற பென்ஷனுக்கு அப்போ வரி உண்டு. பணம் ஷேர், கடன் பத்திரம்னு போறதால நிச்சய வட்டியும் கிடையாது.

அதனால வீட்டுக் கணக்கையும் பாருங்க. கல்விக்கடன் இ.எம்.ஐ., தங்கச்சி படிப்பு, அப்பா கைமாத்து வாங்கினது... இதெல்லாம் போக மாசம் 1,557 ரூபாய் இடிக்காதுன்னா, நம்ம ஓட்டு 'வேண்டும்'க்குத்தான். 77,220 ரூபாய் வரியா போனா 60 வயசுலயும் திரும்பாது. ஆனா சம்பளம் 16, 18 லட்சம்னா கணக்கே வேற. 14 சதவீதம் போட்டாலும் பாறைக்கு மேலயேதான் நிப்பீங்க. மிச்சமாகறது 100-க்கு 15, 20 ரூபாய்தான். அந்த இடத்துல கல்விக்கடனை முதல்ல அடைக்கறவனை முட்டாள்னு சொல்ல மாட்டேன்.

ஹெச்.ஆர்.கிட்ட கேட்க வேண்டியது மூணு. என்.பி.எஸ். என் சி.டி.சி.க்கு உள்ளேயா, மேலேயா? சதவீதத்தை நான் முடிவு பண்ணலாமா? இப்போ 'வேண்டாம்'னா மறுபடி எப்போ மாத்தலாம்? சில கம்பெனிகள்ல வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஜன்னல் திறக்கும். வேலை மாறினா கவலை வேண்டாம், 12 இலக்க 'பிரான்' நம்பர் கூடவே வரும். புதுக் கம்பெனியிலும் அதையே கொடுங்க.